குடியும் மனநோயும் ஒருவரிடமே இருந்தால்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

என் அண்ணனுக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி இன்னொரு சமயம் அடியோடு சரியும் நோய். கூடவே குடி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடம் கிடைக்க எங்களுக்கு நாலு வருடம் ஆயிற்று. நான் மருத்துவன் இல்லை. மருத்துவமனை பெஞ்சுகளில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னிடம் கேட்டவை, நான் மருத்துவர்களிடம் கேட்டவை, அப்புறம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவை எல்லாம் கீழே இருக்கின்றன. ‘குடி’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் வேறு எந்தப் போதையையும் வைத்துப் படிக்கலாம். விஷயம் மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

குடியால் மனநோய் வந்ததா, மனநோயால் குடி வந்ததா?

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ‘தப்பு யார் மேல்’ என்ற கேள்விதான்.

இரண்டு பக்கமும் வழி உண்டு. தாங்க முடியாத பதற்றத்தையோ தூக்கமின்மையையோ அடக்கச் சிலர் குடிக்கத் தொடங்குகிறார்கள். போதை என்பது தனக்குத்தானே பார்த்துக்கொள்ளும் வைத்தியம் என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் விரிவாக எழுதினார். மறுபக்கம், நாள்பட்ட குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும். ராத்திரி குடித்தது நாலு மணி நேரம் அமைதி தரும். விடியற்காலையில் அதே பதற்றம் வட்டியோடு திரும்பும். இது போக, பரம்பரையும் சிறுவயதில் பட்ட அடியும் இரண்டுக்குமே வேராக இருக்கலாம்.

சில வருடங்கள் ஓடிவிட்டால் எது முதல் என்று பிரிப்பது கஷ்டம். தெரிந்தால் மருத்துவருக்கு உதவும். தெரியவில்லை என்பதற்காக வைத்தியம் நிற்க வேண்டியதில்லை.

இப்படி இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமா?

இல்லை. அமெரிக்காவில் ஐந்து இடங்களில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 1990இல் வந்தன. குடிப்பழக்கக் கோளாறு இருந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநோயும் இருந்தது. மற்ற போதைப் பொருட்களில் அது பாதிக்கும் மேல், 53 சதவீதம். திருப்பிப் பார்த்தால், மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகள் வருவது போன்ற நோய்) உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கும், இருமுனைக் கோளாற்றின் கடுமையான வகை உள்ளவர்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கும் குடியோ வேறு போதையோ சிக்கலாகியிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த எண்களை யாராவது சொல்லியிருக்கலாம்.

“முதலில் குடியை நிறுத்தட்டும், மனசை அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் நாலு வருடம் போயிற்று.

ஒரு மறுவாழ்வு மையத்தில், மனநல மாத்திரை சாப்பிடுபவரைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அதே வாரம் ஒரு மனநலப் பிரிவில், “வாடை வருகிறது, நிறுத்திவிட்டு அழைத்து வாருங்கள்” என்றார்கள். அண்ணன் வெளியே வந்து, “ரெண்டு வாசலும் சாத்தியாச்சு, எந்தத் திண்ணையில உட்காரட்டும்?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

மனச்சோர்வில் இருப்பவருக்குக் குடியை விடும் தெம்பு எங்கிருந்து வரும்? குடித்துக்கொண்டே இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை எப்படி முழுசாக வேலை செய்யும்? அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே குழு பார்க்க வேண்டும். 1980களிலேயே அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இப்படி ஒருங்கிணைந்த குழுக்களை அமைத்துப் பார்த்தார்கள். இந்த முறைதான் எல்லாவற்றையும்விட மேல் என்று ஆய்வுகள் அறுதியிட்டுச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு வாசலுக்கு நடுவில் ஆள் தொலைந்துபோவதை இது தடுக்கிறது. எனக்கு அது போதும்.

பிறகு ஏன் “சில வாரம் குடிக்காமல் இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்கிறார் மருத்துவர்?

மேலே சொன்னதுபோலக் கைகழுவுவது வேறு, இது வேறு. இங்கே அவர் கூடவே இருந்து கவனிக்கிறார்.

குடியே உண்டாக்கிய மனச்சோர்வு, குடி நின்றபின் இரண்டு முதல் நாலு வாரத்தில் பெருமளவு தானாக வடிந்துவிடும். ஒரு மாதம் கழித்தும் அது நீடித்தால், அல்லது குடி தொடங்கும் முன்பே இருந்திருந்தால், அது தனி நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். காதில் குரல் கேட்பது, உயிரை விடும் எண்ணம், ஏற்கெனவே உறுதியான மனநோய் என்றால் இந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. அன்றே வைத்தியம் தொடங்க வேண்டும்.

இந்த வாரங்களில் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி ஒரு நாற்பது பக்க நோட்டு. எத்தனை மணி தூங்கினார், குடிக்கத் தோன்றியதா, எப்போது, மனசு எப்படி இருந்தது, ஒரு நாளுக்கு ஒரு வரி. எங்கள் நோட்டில் 9ஆம் நாள்: “தூக்கம் 3. நெஞ்சு படபடப்பு. சாயங்காலம் ஆறுக்குத் தோணுச்சு. குடிக்கல.” 17ஆம் நாள்: “தூக்கம் 6. தோணல.” 23ஆம் நாள் என் கையெழுத்தில் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னான், ஒன்றைச் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்ததற்குப் போனான். சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அதுவரை வெறும் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்துவந்த மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டு நோட்டை மூடினார். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் இப்படி மேலே தூக்கிவிடக்கூடும். அன்றைக்குத்தான் மருந்து மாறி, மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் வந்தது. குடி ஓய்ந்ததால்தான் அடியில் இருந்த நோய் வெளியே தெரிந்தது.

வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் துணையில்லாமல் அப்படி நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை சிலருக்குப் பிரமை, குழப்பம், இல்லாததைப் பார்த்துப் பேசுவது வரும். இதை மனநோய் முற்றிவிட்டது என்று நினைத்து அறையில் பூட்டிவைத்த வீடுகள் உண்டு. உயிருக்கே ஆபத்தான நிலை அது, அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனையில் இந்த நாட்களைக் கடக்கச் சில நாள் மட்டும் அமைதி மாத்திரையும், மூளையைக் காக்க தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகையில் நிறுத்தும்போது வேதனை அதிகம், ஆனால் அந்த வேதனை உயிரை எடுப்பது குறைவு. ஆபத்து பின்னால் இருக்கிறது: சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். அப்படி ஓபியாய்டு அளவு மீறும்போது உயிர் காக்கும் நலோக்சோன் என்ற மருந்து கிடைக்கும் ஊரில் இருந்தால் வீட்டில் வாங்கி வையுங்கள்.

தூக்க மாத்திரைக்கே அடிமையானால்?

டயசிபாம், அல்பிரசோலம் வகையறாவை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று மெதுவாகக் குறைப்பார்கள், மாதங்கள் பிடிக்கும். இவற்றைக் குடியோடு சேர்ப்பது மூச்சை அடக்கிவிடும்.

குடித்த அன்றைக்கு மனநல மாத்திரையை விட்டுவிடலாமா?

பெஞ்சில் அதிகம் கேட்டது இதுதான். “சரக்கும் மாத்திரையும் சேர்ந்தா விஷம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆள் மாத்திரையை விடுவார், சரக்கை விட மாட்டார். வாரத்தில் நாலு நாள் இப்படிப் போனால் மருந்து இருந்தும் இல்லாத கதை.

ஒரே பதில் கிடையாது. மருத்துவரிடம் முன்கூட்டியே, குடிக்காத ஒரு நாளில், “இவர் குடித்துவிட்டு வந்தால் இதில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது” என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பல மனச்சோர்வு மருந்துகளையும் மனச்சிதைவு மருந்துகளையும் விடாமல் தொடரச் சொல்வார்கள், மயக்கம் கூடும் என்ற எச்சரிக்கையோடு. தூக்க மாத்திரையை மட்டும் அன்று தவிர்க்கச் சொல்வார்கள். லித்தியம் தனி: ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற குறுகிய வரப்புக்குள் இருக்க வேண்டிய மருந்து. குடித்து வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறிவிடும். கை பலமாக நடுங்கி, நாக்கு குழறி, நடை தள்ளாடினால் போதை என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

போதைக்கென்று மருந்துகள் உண்டா? மனநோய் மருந்தோடு ஒத்துப்போகுமா?

உண்டு. குடிக்கும் உந்துதலைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். முதலாவது ஓபியாய்டு எடுப்பவருக்கு ஆகாது, அதை நிறுத்தி 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். இரண்டாவதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோனும் பியூப்ரனார்ஃபினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருக்கின்றன. “ஒரு போதைக்கு இன்னொரு போதை” என்று இவற்றை ஏளனம் செய்பவர்களிடம் விவாதிக்க நான் நேரம் செலவிடுவதில்லை. உயிரைக் காப்பாற்றும் மருந்துகள் இவை.

குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்து குடியை நிறுத்தவைக்கும் டைசல்ஃபிராமில் மட்டும் கவனம். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து இருக்கும். மனச்சிதைவுபோன்ற நோய்களைக் கிளறிவிடவும் கூடும். ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வழக்கத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அவர் குடிக்கப்போவது நிச்சயம், அப்போது நடப்பதும் நிச்சயம்.

சிகரெட்டையாவது விட்டுவைக்கலாமே, பாவம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். புகையை விட்டால் மனநிலை கெடும் என்பது பழைய நம்பிக்கை. விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் காலப்போக்கில் குறைந்ததாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 8,000க்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் சுமார் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். வரனிக்ளின் போன்ற புகை நிறுத்தும் மருந்துகளால் மனநலச் சிக்கல்கள் குறிப்பிடும்படி கூடவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. குளோசபின், ஒலான்சபின் என்ற மனச்சிதைவு மருந்துகளைச் சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தளவு ஏறும், குளோசபினில் ஒன்றரை மடங்குகூட ஆகலாம். அந்த மருந்தைக் கல்லீரல் வேகமாக எரிக்கக் காரணம் புகையில் உள்ள தார், நிகோடின் இல்லை. அதனால் நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் அளவு ஏறத்தான் செய்யும். நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். புகை தடைசெய்த வார்டில் சேர்த்தாலும் இதே கதைதான்.

கஞ்சா மூலிகைதானே, மனசை அமைதியாக்குகிறது என்கிறான் மகன்.

அந்த நேரத்துக்கு ஆக்கலாம். 1969-70இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட ஸ்வீடன் இளைஞர்களை 15 வருடம் கவனித்து 1987இல் வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது கஞ்சா தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. இதில் எவ்வளவு கஞ்சாவின் வேலை, எவ்வளவு ஏற்கெனவே இருந்த பலவீனம் என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் குடும்பத்தில் மனச்சிதைவு உள்ள பையனுக்கும், ஒருமுறை குரல் கேட்ட பையனுக்கும் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. மிரட்டாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். அவன் எதை அமைதிப்படுத்தப் பார்க்கிறான் என்று கேளுங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பழைய கொடுமை ஒன்று இருக்கிறது. அதைப் பேசினால் மறுபடி குடிப்பாரோ என்று பயம்.

மருத்துவர்களுக்கே நீண்ட காலம் அந்தப் பயம் இருந்தது. 2012இல் ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்த ஆய்வில், போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையோடே, பழைய கொடுமை விட்டுச்சென்ற மன அதிர்ச்சிக்கான பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. போதை அதனால் கூடவில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் பேசுவதைச் சொல்கிறேன். வீட்டில் உட்காரவைத்துக் கிளறுவது வேறு, அதை விட்டுவிடுங்கள்.

நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். மனநல மருத்துவர் உள்ளேயே இருக்கிறாரா, அல்லது மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவாரா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தொடர்வீர்களா? நடுவில் குடித்துவிட்டால் வெளியே அனுப்புவீர்களா? மூன்றாவதற்கு “ஆமாம், கண்டிப்பு உண்டு” என்று பெருமையாகச் சொன்னால் நான் வேறு இடம் பார்ப்பேன். நோயின் அறிகுறியைக் காரணம் காட்டி நோயாளியை விரட்டுவது என்ன வைத்தியம்? கட்டிப்போடுவது, அடிப்பது, போனில்கூடப் பேசவிடாதது இருந்தால் படி ஏறாதீர்கள்.

சுய உதவிக் குழுக்கள் பற்றியும் கேட்பார்கள். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களில் அண்ணனுக்கு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். அங்கே யாராவது “மாத்திரை சாப்பிட்டால் அது சுத்தமான நிதானம் இல்லை” என்று சொன்னால், உறுப்பினர்கள் வைத்தியர் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த அமைப்பின் பிரசுரமே சொல்வதை எடுத்துக்காட்டுங்கள்.

“எனக்கு ஒன்றுமில்லை, வரமாட்டேன்” என்கிறார். என்ன செய்வது?

சொந்தக்காரர்களைக் கூட்டி நடுவில் உட்காரவைத்துக் குற்றப்பத்திரிகை வாசிக்கும் வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, குடிப்பவர்களின் வீட்டாருக்கான மூன்று வழிகளை ஒப்பிட்டது. அப்படிக் கூடி எதிர்கொள்ளும் வழியில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தார் தங்களுக்கான ஆதரவுக் குழுவுக்கு மட்டும் போன வழியில் 13. குடிக்காத நேரத்தைப் பலப்படுத்தவும் குடித்த நேரத்தில் விலகிக்கொள்ளவும் சரியான தருணத்தில் சிகிச்சையைப் பற்றிப் பேசவும் வீட்டாருக்குப் பயிற்சி தந்த வழியில் 64.

நடைமுறையில்: குடிக்காத சாயங்காலத்தில் கூட உட்கார்ந்து பேசுங்கள். குடித்து வந்தால் சண்டையும் வேண்டாம், சேவையும் வேண்டாம், அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். குடியைப் பற்றிப் பேச மறுப்பவர் தூக்கமின்மையைப் பற்றிப் பேசச் சம்மதிப்பார். அண்ணன் முதல்முறை வந்தது “தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாம்” என்றுதான். அதில் பொய் எதுவும் இல்லை.

சாகப்போகிறேன் என்கிறார். போதையில் உளறுவதா?

உளறல் என்று எடுக்காதீர்கள். மனச்சோர்வு எண்ணத்தைக் கொடுக்கிறது, போதை தயக்கத்தை எடுத்துவிடுகிறது. “உயிரை விடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், மருந்தை வார அளவாக மட்டும் வையுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருந்தால் அவசரப் பிரிவுக்கு அப்போதே போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களிலும் இதே கண்காணிப்பு வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

சறுக்கல் சகஜம். ரத்த அழுத்த நோயாளி மருந்தை விட்டுவிட்டுத் திரும்புவதில்லையா? உடனே செய்ய வேண்டியது, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்வது. நோட்டில் முந்தைய பத்து நாளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு சறுக்கலுக்கும் முன்னால் தூக்கம் நாலு மணிக்குக் கீழே இறங்கியிருந்தது. இப்போது இரண்டு ராத்திரி தொடர்ந்து நாலுக்குக் கீழ் வந்தால் போன் செய்துவிடுகிறோம்.

எவ்வளவு காலம் இப்படி?

மனச்சோர்வு மருந்து என்றால் தேறியபின்னும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். இருமுனைக் கோளாறுக்கும் மனச்சிதைவுக்கும் பெரும்பாலும் வருடக்கணக்கில். குடிக்கான ஆலோசனை முதலில் வாரா வாரம், அப்புறம் இடைவெளி விட்டு. அண்ணனுக்கு லித்தியம் அளவு பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நோட்டு இப்போது ஐந்தாவது. பல பக்கங்களில் “தூக்கம் 7” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.